பழைய ரிவால்வரில் ஒரு சிவப்புப் புள்ளி

நான் துப்பாக்கி சுடப் போகும் ரேஞ்சில் ஒரு கருத்து எழுதாத சட்டமாகவே இருக்கிறது: பழைய ரிவால்வரில் கை வைக்கக் கூடாது. பிஸ்டலில் யார் எதை மாட்டினாலும் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. கிளாக் பிஸ்டலின் தலையில் ரெட் டாட் (குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சிறு கருவி), கீழே டார்ச் லைட் என்று கொண்டுவந்தால் எந்தக் கம்பெனி, என்ன விலை என்றுதான் கேட்பார்கள். அதே ரெட் டாட்டை, நீலம் ஏற்றிய எஃகும் வால்நட் கைப்பிடியுமாக இருக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய மாடல் 19 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனை அப்படிக் கொண்டுவந்த அன்று, அடுத்த தடத்தில் நின்றவர் நேராகவே சொல்லிவிட்டார்: "நல்ல துப்பாக்கியை நாசம் பண்ணிட்டீங்களே." பெரியவர் பதில் சொல்லவில்லை. காதடைப்பானை மாட்டிக்கொண்டு தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சுழலும் உருளையான சிலிண்டரில் போட ஆரம்பித்தார். எனக்குத்தான் அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. நாசம் என்றால் எது நாசமானது? யாருக்கு நாசமானது?

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். சுடக் கற்றுக்கொண்டது இங்கே வந்த பிறகுதான், அதுவும் இந்தப் பெரியவரிடம்தான். அதற்கு முன்பு ரிவால்வர் என்றால் என் தலைமுறைத் தமிழர்கள் பலரையும் போல எனக்கும் ஜெய்சங்கர்தான். தொப்பி, குதிரை, இடுப்புப் பட்டையில் தொங்கும் துப்பாக்கி, விரலில் ஒரு சுழற்று. அந்தப் படங்களும் ஹாலிவுட்டைப் பார்த்து எடுத்தவை. ஹாலிவுட்டோ 1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியை எடுத்து எல்லாக் கதைக்கும் ஒரே துப்பாக்கியாக மாட்டிவிட்டது. ஆக, 'கிளாசிக்' ரிவால்வர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம் மனதில் இருக்கும் படத்தைத் துப்பாக்கியை நாள்தோறும் இடுப்பில் சுமந்தவர்கள் உண்டாக்கவில்லை. அதில் பெரும்பகுதி சினிமாவும் விற்பனைக் கண்ணாடிப் பெட்டியும் தந்தது. இதை நான் வெறுமனே சொல்லவில்லை. சுமந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குச் சாட்சி நிறைய இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கண் செய்த வேலை

முதலில் பெரியவரின் கண். அவர் தொழிற்சாலைக்கு அச்சும் கருவியும் செய்யும் டூல் அண்ட் டை மேக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கையால் உணரக்கூடியவர் என்று சொன்னால் மிகையில்லை. மாடல் 19-ஐ அவர் எழுபதுகளில் ஒரு போலீஸ்காரரிடமிருந்து வாங்கினார். நான்கு அங்குலக் குழல், .357 மேக்னம் என்ற வலிமையான தோட்டா, ஏறக்குறைய ஒரு கிலோ எடை. அமெரிக்க எல்லைக் காவல் படையிலிருந்த பில் ஜோர்டன், நாள் முழுக்கச் சுமக்கவும் வேண்டும், மேக்னம் தோட்டாவும் போட வேண்டும் என்று கேட்டு அதற்காக நடுத்தரச் சட்டகத்தில் 1955-இல் வந்த மாடல் இது. மேக்னம் தோட்டாவை இதில் அளவில்லாமல் சுட்டால் குழலின் பின்வாய் அடிப்பக்கத்தில் விரிசல் விட்டுவிடும் என்ற பேச்சு ரொம்ப நாளாக உண்டு. அந்த இடத்தில் எஃகு கொஞ்சம் மெலிந்திருக்கும். அதனால் பெரியவர் பெரும்பாலும் அதைவிட வலிமை குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாதான் போடுவார்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை சிகிச்சை ஆனது. உள்ளே வைத்த லென்ஸ் தூரப் பார்வைக்கானது, ஒரே குவியம் கொண்டது. கார் ஓட்டலாம், பத்து வீடு தள்ளி வரும் நாயை அடையாளம் சொல்லலாம். படிக்க மட்டும் கண்ணாடி. பெரும்பாலானோருக்கு இது வரப்பிரசாதம். கைத்துப்பாக்கி சுடுபவருக்கோ இதில் ஒரு சிக்கல் வருகிறது. ரிவால்வரில் குறி பார்ப்பது மூன்று பொருளை ஒரே கோட்டில் கொண்டுவரும் வேலை: கண்ணுக்கு அருகே பின் சைட்டின் பிளவு, குழல் நுனியில் முன் சைட், அதற்கப்பால் இலக்கு. மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க இருபது வயதுக் கண்ணாலும் முடியாது. ஆகவே எல்லா ஆசிரியர்களும் ஒன்றைத்தான் சொல்லித் தருகிறார்கள்: முன் சைட்டைத் தெளிவாகப் பார், மற்றவை மங்கலாக இருக்கட்டும். முன் சைட் கை நீட்டும் தூரத்தில் இருக்கிறது. படிக்கும் கண்ணாடிக்கு அது தூரம், தூரப் பார்வை லென்ஸுக்கு அது கிட்டம். இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடம். ரேஞ்சில் வயதானவர்கள் தாடையைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகக் குறி பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். கழுத்து வலியோடு சுடும் அந்த நிலைக்குப் பெரியவரும் வந்து சேர்ந்தார். அப்புறம் அதுவும் பலிக்கவில்லை. பதினைந்து கஜத்தில் ஒரு காகிதத் தட்டுக்குள் ஆறும் போட்டவருக்கு, தட்டுக்கு வெளியே ஓட்டைகள் விழ ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் அவர் வருவதே குறைந்துவிட்டது. அவர் மனைவியும் போன பிறகு அந்தச் சனிக்கிழமைக் காலைதான் அவருக்கு இருந்த ஒரே வெளி உலகம். அதனால்தான் எனக்கு இது வெறும் உதிரிபாகம் பற்றிய விவாதமாகத் தோன்றவில்லை.

ரெட் டாட் இந்தச் சிக்கலை அடியோடு வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஒரு சிறிய எல்.இ.டி. சிவப்பு ஒளியை வளைந்த கண்ணாடி ஒன்றின் மேல் பாய்ச்சுகிறது. அந்தக் கண்ணாடியின் பூச்சு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும், மற்ற ஒளியை உள்ளே விடும். திரும்பி வரும் கதிர்கள் இணையாக வருவதால், புள்ளி கண்ணுக்கு மிகத் தொலைவில், இலக்கின் மேலேயே ஒட்டியிருப்பது போலத் தெரிகிறது. பார்க்க வேண்டியது இலக்கை மட்டும். தூரத்துக்கு வைத்த லென்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறை இருப்பவர்களுக்குப் புள்ளி வால் நட்சத்திரம் மாதிரி இழுத்துக்கொண்டு தெரியும். பெரியவருக்கு அந்தத் தொல்லையும் இல்லை. என் பிஸ்டலில் இருந்த ரெட் டாட் வழியாக அவர் பார்த்த அன்று, துப்பாக்கியைக் கீழே வைக்காமல் இரண்டு மூன்று முறை தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இதை என்னுடையதில் போடணும்" என்றார். "புதுசா ஒரு பிஸ்டல் வாங்கிடுங்களேன், எல்லாம் பொருத்தியே வருதே" என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஐம்பது வருடம் அந்த ட்ரிகரை இழுத்த விரல் அவருடையது. வேறு துப்பாக்கியோடு அதே உறவை முதலிலிருந்து தொடங்க அவருக்கு விருப்பமும் இல்லை, நாளும் இல்லை.

தொடாமல் வைத்திருந்தவர்கள் யார்?

ரேஞ்சில் எதிர்ப்புச் சொல்பவர்களோடு நான் பேசிப் பார்த்தேன். அவர்கள் அறியாதவர்கள் இல்லை. என்னைவிட ஆழமாகப் படித்தவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது இதுதான்: துப்பாக்கியைச் செய்தவன் ஒரு வடிவத்தை நினைத்துச் செய்தான், அதன் கோடுகள் ஒன்றோடொன்று பேசுகின்றன, அதன் மேல் ஒரு கறுப்பு அலுமினியப் பெட்டியை ஏற்றினால் அந்தப் பேச்சு அறுந்துபோகிறது. அழகு பற்றிய இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். மாடல் 19-இன் பக்கவாட்டுத் தோற்றத்தை நானும் ரசிப்பவன். ஆனால் 'செய்தவன் நினைத்த வடிவம்' என்ற இடத்தில்தான் எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் ரிவால்வரின் கதையே அதற்கு எதிராக இருக்கிறது.

ஆரம்பத்துக்கே போகலாம். சாமுவேல் கோல்ட்டின் பழைய ரிவால்வர்களில் வெடிமருந்து, குண்டு, அதைப் பற்றவைக்கும் கேப் என்று தனித்தனியாக நிரப்ப வேண்டும். பின்னாலிருந்து முழுத் தோட்டாவைப் போடுவதற்கு ஏற்றபடி சிலிண்டரை முழுக்கத் துளைக்கும் யோசனை ரோலின் வைட் என்பவருடையது; 1855-இல் காப்புரிமை பெற்றார், அந்த உரிமை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிடம் போய்ச் சேர்ந்தது. 1869-இல் அது காலாவதியானதும் என்ன நடந்தது? உள்நாட்டுப் போரில் பயன்பட்ட கோல்ட் துப்பாக்கிகள் நாடெங்கும் குவிந்து கிடந்தன. அவற்றின் சிலிண்டரை மாற்றி, பின்பக்கத் தட்டு பொருத்தி, புதிய உலோகத் தோட்டா போடும்படி கோல்ட் நிறுவனமே மாற்றிக் கொடுத்தது. ரிச்சர்ட்ஸ் மாற்றம், ரிச்சர்ட்ஸ்-மேசன் மாற்றம் என்று அவற்றுக்குப் பெயர். பழைய துப்பாக்கியில் புதிய காலத்துப் பொருளைப் பொருத்துவது 1870-களிலேயே தொழிற்சாலை வேலையாக நடந்தது. இன்று அந்த மாற்றப்பட்ட துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். அவற்றை யாரும் நாசமானவை என்று சொல்வதில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் பிஸ்டல் போதாமல் போக, பிஸ்டலின் .45 தோட்டாவையே ரிவால்வரில் போட வேண்டி வந்தது. விளிம்பில்லாத அந்தத் தோட்டாவைச் சிலிண்டரிலிருந்து வெளியே தள்ள முடியாது. மூன்று மூன்றாகக் கோத்துக்கொள்ளும் அரைநிலாத் தகடு ஒன்றைச் செய்தார்கள். இன்று பந்தயக்காரர்கள் கண்ணிமைப்பதற்குள் ஆறு தோட்டாவையும் போட உதவும் முழுநிலாத் தகடு அதன் வாரிசுதான். சைட் விஷயத்துக்கு வந்தால், 1930-களிலேயே கிங் என்ற சான் பிரான்சிஸ்கோ கம்பெனி முன் சைட்டுக்கு ஒளி விழும்படி சிறு கண்ணாடித் துண்டைப் பதித்து விற்றது. குறி பார்க்க ஒளியின் உதவியைத் தேடியவர்கள் அப்போதே இருந்தார்கள், பேட்டரி மட்டும்தான் இல்லை. கைப்பிடியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி விரல் கணுவில் இடிக்கிறது என்று, அதை நிரப்ப ஒரு சின்ன உலோகத் துண்டை டைலர் என்பவர் செய்து விற்றார். டைலர் டி-கிரிப் இல்லாத போலீஸ் ரிவால்வரைப் பழைய படங்களில் தேட வேண்டியிருக்கும். பிறகு பேக்மேயர் ரப்பர் பிடி வந்தது. போலீஸ் போட்டிகளில் சுட்டவர்கள் குழலையே கழற்றிப் போட்டுவிட்டுத் தடித்த குழல் மாட்டி, அதன் மேல் நீளமான சைட் பட்டை ஒன்றும் பொருத்தினார்கள். அப்படி ஒரு துப்பாக்கியைப் பார்த்தால் பெரும்பாலோருக்கு அது எந்த மாடல் என்றே தெரியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ரெஜிஸ்டர்டு மேக்னம். 1935-இல் .357 மேக்னம் தோட்டாவோடு சேர்ந்து வந்தது. சேகரிப்பாளர்கள் இன்று கைகூப்பாத குறையாகப் பேசும் துப்பாக்கி இது. ஆனால் அது கடையில் எடுத்துக்கொள்ளும் ஒரே மாதிரிச் சரக்கு கிடையாது. வாங்குபவர் குழல் நீளத்தைக் கால் அங்குலக் கணக்கில் சொல்லலாம், மூன்றரையிலிருந்து எட்டே முக்கால் வரை. சைட், கைப்பிடி, எத்தனை கஜத்துக்குச் சரிபார்த்துத் தர வேண்டும் என்பது வரை அவர் விருப்பம். கூடவே அவர் பெயரில் பதிவுச் சான்றிதழ். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டன் மூன்றரை அங்குலத்தில் ஒன்றை வாங்கி அதற்குத் தந்தப் பிடி போட்டுக்கொண்டார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ரிவால்வரே ஒருவரின் கைக்கும் கண்ணுக்கும் அளவெடுத்துச் செய்தது. தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதைப் போல. அதை வைத்துக்கொண்டு, துப்பாக்கியை ஆளுக்கேற்ப மாற்றக் கூடாது என்று வாதம் செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி.

மாற்றியதெல்லாம் நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. கோல்ட்டில் வேலை பார்த்த ஃபிட்ஸ்ஜெரால்ட் 1920-களில் ரிவால்வரின் குழலைக் குட்டையாக்கி, தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் ஹாமரின் கொம்பை வெட்டி, ட்ரிகர் கார்டின் முன்பாதியையே அறுத்து எடுத்தார். கோட் பையிலிருந்து வேகமாக எடுக்கலாம் என்பது அவர் கணக்கு. ட்ரிகர் கார்டு இருப்பதே ட்ரிகரில் வேறெதுவும் படாமல் காப்பதற்கு. அதை அறுத்த துப்பாக்கி எவ்வளவு புகழ்பெற்றிருந்தாலும் எனக்கு அதன் அருகில் நிற்கவே பிடிக்காது.

கன்ஸ்மித்தின் மேசையில்

பெரியவரின் ஆசைக்கு ஒரு பெரிய தடை இருந்தது. 1990-களிலிருந்து வரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் பின் சைட்டைக் கழற்றினால், அதற்கடியில் சட்டகத்தின் மேல்பட்டையில் மரையோடு துளைகள் தயாராக இருக்கும். ரெட் டாட்டைத் தாங்கும் மவுண்டை வைத்துத் திருகினால் போதும், வேண்டாமென்றால் கழற்றிப் பழைய சைட்டைப் போட்டுக்கொள்ளலாம். அவருடையதில் அந்தத் துளைகள் இல்லை. பின் சைட்டைப் பிடிக்கும் ஒரே ஒரு திருகுத் துளைதான். அதை மட்டும் நம்பிப் பொருத்தும் மவுண்டுகளும் உண்டு. ஆனால் ஒற்றைத் திருகு ஒவ்வொரு உதைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும், புள்ளி நகர்ந்துகொண்டே போகும். உருப்படியாகச் செய்ய வேண்டுமானால் மேல்பட்டையைத் துளைக்க வேண்டும். அதுவும் 1982-க்கு முந்தைய துப்பாக்கியில். குழலைச் சட்டகத்தோடு சேர்த்து ஊசி இறக்கியிருக்கும், சிலிண்டர் அறைகளின் வாய் தோட்டா விளிம்பு உள்ளே அமரும்படி குடையப்பட்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தவற்றைத்தான் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஒரு துளை போட்டால் அந்தச் சந்தையில் அதன் மதிப்பு அன்றோடு சரிந்துவிடும்.

துப்பாக்கி வேலை செய்யும் கன்ஸ்மித்திடம் அவர் போனபோது நானும் கூடப் போனேன். கன்ஸ்மித் அவரைவிடச் சின்னவர், மெதுவாகப் பேசுகிறவர். வேலையை உடனே ஏற்கவில்லை. வேறொரு வழி சொன்னார்: அதே கம்பெனியின் புதிய மாடல் 686 ஒன்றை வாங்குங்கள், துளையோடு வரும், இதைப் பெட்டியில் வையுங்கள். நியாயமான யோசனை. பெரியவரும் தயங்கினார் என்றுதான் எனக்குப் பட்டது. உள்ளே என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று சொல்லி, கன்ஸ்மித் சிலிண்டரைத் திறந்து காலி என்று எங்களுக்கும் காட்டிவிட்டு, கைப்பிடிகளைக் கழற்றினார். பக்கத் தட்டின் திருகுகளை எடுத்துவிட்டு, சட்டகத்தைச் சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டினார். தட்டு தானாக எழும்பி வந்தது. விளக்கைக் கிட்டே இழுத்து உற்றுப் பார்த்தவர், "இதை ஏற்கெனவே யாரோ நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்" என்றார்.

அவர் காட்டக் காட்ட நாங்கள் பார்த்தோம். ட்ரிகரைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கில் சுருள் குறைக்கப்பட்டிருந்தது. அதைத் தாங்கும் கட்டையின் அடிப்பக்கம் கல்லில் தேய்த்துக் கண்ணாடி மாதிரி மின்னியது. ஹாமரின் பக்கங்களும் அப்படியே. தொழிற்சாலை ட்ரிகரில் இருக்கும் வரிப்பள்ளங்கள் விரல் படும் இடத்தில் அரத்தால் வழிக்கப்பட்டு மழமழவென்று இருந்தன. முன் சைட்டில் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு பதித்ததும் கையால் செய்ததுதான்; அதன் விளிம்பு ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருந்தது. எல்லாமே அந்த முதல் போலீஸ்காரர் செய்தது, அல்லது அவர் செய்வித்தது. பெரியவர் ஐம்பது வருடமாக 'ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ட்ரிகருக்கு ஈடு கிடையாது' என்று எல்லோரிடமும் புகழ்ந்துகொண்டிருந்த அந்த இழுப்பு, தொழிற்சாலையிலிருந்து வந்ததே இல்லை. முன்பின் தெரியாத ஒரு கை அதைத் தன் விரலுக்காகப் பொறுமையாகத் தேய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

பெரியவர் அந்தக் கட்டையை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில்காரர் இன்னொரு தொழில்காரரின் வேலையைப் பார்க்கும் பார்வை அது. "சதுரமாக் கல்லில் போட்டிருக்கான்" என்றார், "ஓரம் உருளவே இல்லை." பிறகு கன்ஸ்மித்திடம் துளைகளை எங்கே போடுவீர்கள், எவ்வளவு ஆழம், எந்த மரை என்று கேட்க ஆரம்பித்தார். போடுவதா வேண்டாமா என்ற கேள்வி அதற்குமேல் எழவில்லை. இரண்டு பேரும் காகிதத்தில் அளவு எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் இந்த விஷயத்தில் ஒரு தெளிவுக்கு வந்தது அங்கேதான். நாங்கள் காப்பாற்ற நினைத்த 'அசல்' எப்போதோ போய்விட்டது, யாருக்கும் தெரியாமல் மூடியின் உள்ளே. அது போனதால்தான் அந்தத் துப்பாக்கி இத்தனை காலம் விரும்பிச் சுடப்பட்டது. ரெட் டாட் வெளியே தெரிகிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். எதிர்ப்பு முழுக்க அந்தக் கண்ணில் படும் பகுதிக்குத்தான்.

மாட்டிய பிறகு

எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். முதல் பிரச்சினை உயரம். ரெட் டாட் குழலுக்கு மேலே, பழைய சைட்டைவிடக் கணிசமாக உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஐம்பது வருடப் பழக்கத்தில் துப்பாக்கி எழும்பி நிற்கும் இடத்தில் பார்த்தால் கண்ணாடி காலியாக இருக்கும், புள்ளி இருக்காது. மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே அழுத்த வேண்டும். வீட்டில் காலித் துப்பாக்கியைச் சுவரைப் பார்த்துத் தூக்கித் தூக்கிப் பழகினார். பழக மாதங்கள் ஆயின. இரண்டாவது, அவருடைய தோல் உறை இனிப் பயன்படாது. மேலே பெட்டி ஏறிய துப்பாக்கி அதற்குள் இறங்காது. மூன்றாவது புகைக்கரி. ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, ஒவ்வொரு வெடிக்கும் அதன் வழியே சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். கண்ணாடியின் முன்புறம் அதில் மங்கிக்கொண்டே வருகிறது. பிஸ்டலில் அவ்வளவாக வராத தொல்லை இது. இடையிடையே துடைக்க வேண்டும். பேட்டரி ஒரு வருடத்துக்கு மேல் வரும் என்றாலும் பிறந்தநாள்தோறும் மாற்றிவிடுகிறார்.

நாங்கள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. டபுள் ஆக்‌ஷனில் ட்ரிகரை இழுப்பது, அதாவது ஹாமரைக் கையால் பின்னிழுக்காமல் ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடுவது, நீண்ட, கனமான இழுப்பு. சாதாரணமாக ஐந்து கிலோ அளவுக்கு விசை கேட்கும். அவருடையது அதைவிடக் குறைவு. அந்த இழுப்பின்போது கை எவ்வளவு ஆடுகிறது என்பதை இரும்பு சைட் முழுமையாகக் காட்டாது. புள்ளி காட்டிவிடும். இழுப்பின் கடைசிக் கட்டத்தில் புள்ளி வலது கீழாக ஒரு துள்ளு துள்ளுவதை அவர் முதல் தடவையாகத் தன் கண்ணால் பார்த்தார். விரலை ட்ரிகரில் எவ்வளவு உள்ளே வைக்க வேண்டும் என்பதை எழுபது வயதுக்கு மேல் திருத்திக்கொண்டார். இருபத்தைந்து கஜத்தில் 3 எம்.ஓ.ஏ. (புள்ளியின் அளவைச் சொல்லும் கோணக் கணக்கு) புள்ளி இலக்கில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும். அவர் சுட்ட ஓட்டைகளின் கூட்டம் அந்த அளவுக்குச் சின்னதாக இல்லை. ஆனால் தட்டுக்குள் இருக்கிறது. ரிவால்வர் பிரியர்களுக்கென்றே இருக்கும் ஐகோர் போட்டிகளில் ரெட் டாட் போட்டவர்களுக்கு 'ஓப்பன்' என்று தனிப் பிரிவு உண்டு, இரும்பு சைட்காரர்களுக்கும் பழைய பாணி ஆறு தோட்டாக்காரர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. யார் வடிவத்தையும் யாரும் கேள்வி கேட்காமல், அவரவர் வரிசையில் நின்று சுடலாம்.

எங்கே நிறுத்திக்கொள்வது என்பதில் எனக்குக் கறாரான எண்ணம் உண்டு. குழலுக்கடியில் உதிரிகள் மாட்டும் தண்டவாளம் போன்ற பட்டை வைத்து, அதில் டார்ச் லைட்டும் லேசரும் தொங்கும் ரிவால்வர்கள் இப்போது தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. இருட்டில் உள்ளே நுழைய வேண்டிய வேலை உள்ளவருக்கு அது தேவையாக இருக்கலாம். சனிக்கிழமை காகிதத் தட்டு சுடுபவருக்கு அதனால் என்ன பயன் என்று எனக்குப் புரியவில்லை. முன்பக்கம் கனம் கூடி மணிக்கட்டு தளர்வதைத் தவிர வேறு எதுவும் நடப்பதில்லை. ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இளக்கி, ட்ரிகரை வெண்ணெய் மாதிரி ஆக்குகிறேன் என்று கிளம்புபவர்களும் உண்டு. ஹாமர் அடி பலவீனமாகி, தோட்டா வெடிக்காமல் போகும். அந்த மாதிரித் துப்பாக்கியைக் கையில் வாங்கும் அடுத்த ஆளுக்கு அது தெரியாது என்பதுதான் ஆபத்து. பெட்டி பிரிக்காத, ஒருவரும் சுடாத ரெஜிஸ்டர்டு மேக்னம் ஒன்று யார் வீட்டுப் பரணிலாவது கிடைத்தால் அதில் துளை போடக் கூடாது என்பதில் ரேஞ்ச் நண்பர்களோடு நானும் ஒரே கட்சி. அது சுடும் கருவியாக இருந்த காலம் முடிந்து, ஒரு காலத்தின் கைவேலைக்கு ஆதாரமாக மாறிவிட்டது. மாடல் 19 அப்படி இல்லை. ஏராளமாகச் செய்யப்பட்டது, இன்னும் கிடைக்கிறது, 2018-இல் கம்பெனியே மறுபடி செய்யவும் தொடங்கியது. அதில் ஒன்று அதன் உரிமையாளரின் கண்ணுக்கு ஏற்ப மாறியதில் உலகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என்னிடம் இருப்பது மாடல் 10. நிலையான சைட், மேல்பட்டையில் வெறும் ஒரு பள்ளம்தான் பின் சைட். என் கை சின்னது. கூடவே வந்த பெரிய மரப்பிடியில் விரல் ட்ரிகருக்கு ஒழுங்காக எட்டவில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லிய பிடியும் டி-கிரிப்பும் போட்டிருக்கிறேன். முன் சைட்டின் பின்முகத்தில் ஆரஞ்சு வண்ணம் தடவியிருக்கிறேன், நகப்பூச்சுதான், வேண்டாதபோது அசிட்டோனில் போய்விடும். கண் இன்னும் முன் சைட்டைப் பிடிக்கிறது. படிக்கும் கண்ணாடி எழுதித் தந்துவிட்டார்கள் என்பதால் இது எத்தனை வருடத்துக்கு என்று தெரியும் அளவுக்கு எனக்கு விவரம் இருக்கிறது. அந்த நாள் வரும்போது இதே கன்ஸ்மித்திடம்தான் கொண்டுபோவேன். மாடல் 10-இன் மேல்பட்டையில் எத்தனை துளைக்கு இடம் இருக்கிறது என்று பெரியவர் இப்போதே அளந்து பார்த்துவிட்டார். இரண்டு தாராளமாகப் போடலாமாம், மூன்றாவதற்குப் பட்டையின் கனம் போதாது என்கிறார்.